உப்புத்தாள்

பெயிண்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவன் கையில் முதல் நாள் யாரும் பிரஷ் கொடுக்க மாட்டார்கள். உப்புத்தாள்தான். 1994 மே மாதம் எனக்கும் அதுதான் கிடைத்தது. பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. வைகாசி முகூர்த்தத்துக்குள் ஒரு கல்யாண மண்டபத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய உள்ளூர் மேஸ்திரி ஒருவர், ஆள் கிடைக்காமல் மெட்டடார் வேனோடு எங்கள் இலங்கை அகதி முகாம் வாசலில் வந்து நின்றார். சுவர் தேய்க்க ஆள் வேண்டும், மதியச் சோறு உண்டு, கூலி முப்பத்தைந்து ரூபாய் என்றார். பன்னிரண்டு பேர் ஏறினோம். ஒருவர் முருங்கன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். ஒருவர் பேசாலையில் சொந்தப் படகு வைத்திருந்தவர். டிராக்டர் மெக்கானிக் ஒருவர், சைக்கிள் கடைக்காரர் ஒருவர். மிச்சம் எல்லாம் என்னைப் போன்ற பொடியன்கள். சுவரில் பட்டி பார்ப்பது என்றால் என்னவென்று பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

மேஸ்திரி என் வலது கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். "தம்பி, கண்ண நம்பாத. உள்ளங்கைய வச்சுப் பாரு, சொல்லும்" என்றார். நூறு வாட் பல்பு ஒன்றை ஒயரோடு இழுத்துவந்து சுவரை ஒட்டினாற்போல் பிடித்தார். அதுவரை கண்ணாடிபோலத் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமுமாக நிழல் எழுந்தது. கடல் அலைபோல இருந்தது. மேட்டில் மட்டும் தேய்க்க வேண்டும், பள்ளத்தில் கை படக்கூடாது. தாளை நான்காக மடித்து, விரல்நுனி அழுத்தாமல் கை முழுவதும் ஒரே கனமாகப் போக வேண்டும். விரலால் அழுத்தினால் கோடு விழும். பெயிண்ட் அடித்த பிறகுதான் அந்தக் கோடு தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. மாலையில் இமை மயிரெல்லாம் வெளுத்துப்போய் வந்து இறங்கியவனைப் பார்த்து அம்மா, "என்னடா, மாவிடிக்கப் போனியா?" என்றாள்.

எங்கள் முகாமின் தொழில் வரலாறு என்று ஒன்று எழுதினால் அந்த மெட்டடாரிலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று எங்கள் முகாமில் ஆண்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பெயிண்டிங் என்று சொல்லும். நான் போய்ப் பார்த்த மற்ற முகாம்களிலும் இதே கதைதான். கல் உடைக்கிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள் உண்டு. ஆனாலும் காலை ஆறரைக்கு டிபன் கேரியரோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பத்து ஆண்களில் ஏழெட்டுப் பேரின் செருப்பில் எமல்ஷன் சொட்டு இருக்கும். ஒரு சனமே எப்படி ஒரே தொழிலுக்குள் போய்ச் சேர்ந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், மண்டபம் வரைக்கும்.

மண்டபம் முகாம் 1983இல் அகதிகளுக்காகக் கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். அது அதற்கும் பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நோய் பார்த்து, அம்மை குத்தி, சில நாள் நிறுத்தி வைத்துக் கப்பலேற்றிய இடம் அது. என் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு போனவர். அங்கே தங்கி, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடல் தாண்டினார். எங்கள் குடும்பத்துக்கு ஓர் அரசாங்கம் முதன்முதலில் கொடுத்த அடையாளச் சீட்டு அந்தத் தகரம்தான்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் தாத்தாவையும் அவர் பிள்ளைகளையும் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் பெரியப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அப்பா போடவில்லை. என்ன யோசித்து இருவரும் இரண்டு பக்கம் போனார்கள் என்று கேட்டால் அப்பா, "அண்ணனுக்குக் குளிர் பிடிக்காது" என்பார். பெரியப்பாவோ தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கி, மண்டபத்தில் சில நாள் இருந்து, நேரே கூடலூர்க் குளிருக்குப் போய்ச் சேர்ந்தார்!

கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கமெல்லாம் தாயகம் திரும்பியவர்களுக்காக அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. 1968இல் தொடங்கிய அந்த வேலை 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயிற்று. பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கவாத்து வெட்டத் தெரியும். அதே வேலை இங்கேயும் கிடைத்தது. வேலையோடு லைன் வீடு, பி.எஃப்., ஓய்வு பெற்றபோது கிராஜுவிட்டி. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரம்பரையாகக் கொழுந்து கிள்ளியவர்களிடம் வியாபாரக் கடன் என்று ஒரு தொகையைக் கொடுத்து மளிகைக் கடை வைக்கச் சொன்னார்கள். தராசு பிடித்தே அறியாதவர்கள் ஆறு மாதத்தில் கடனும் போய்க் கடையும் போய், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மரம் வெட்டப் போனார்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கென்று 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனாலும் 'வந்தவனுக்கு இங்கே ஒரு தொழில் வேண்டும்' என்று அரசு நினைத்ததற்கு அந்தத் தேயிலைச் செடிகள் இன்னும் சாட்சியாக நிற்கின்றன.

அப்பா மாத்தளையில் தங்கிவிட்டார். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். மலையகத்துச் சனம் நிறையப் பேர் அப்படி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. செட்டிகுளம் பக்கம் பதின்மூன்று வருடம் உழுந்தும் கச்சானும் போட்டோம். 1990 ஜூனில் மறுபடி சண்டை. ஜூலையில் பேசாலையிலிருந்து படகு. நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விட்டான். மறுநாள் காலை இராமேசுவரத்து மீனவர்கள் ஏற்றிவந்தார்கள். மண்டபம். தாத்தா அம்மை குத்திக்கொண்டு போன அதே மண்டபத்துக்கு நாங்கள் எதிர்த்திசையில் வந்து சேர்ந்தோம். பெரியப்பாவும் அதே வாசலில்தான் வந்திறங்கினார். அவர் கையில் தாயகம் திரும்பியவர் என்று குடும்ப அட்டை இருந்தது. எங்கள் கையில் அகதி என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

மண்டபத்திலிருந்து இந்த ஊருக்குக் கொண்டுவந்து எங்களை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கு ஒன்றில் போட்டார்கள். சேலைகளைத் தொங்கவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம். நிலக்கடலை வாசனை சுவரைவிட்டுப் போகவே இல்லை. பிறகு தார் அட்டைக் கூரை போட்ட பத்துக்குப் பத்துக் குடிசை. மாதப் பணக்கொடை, கிலோ 57 பைசாவுக்கு ரேஷன் அரிசி. உள்ளூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். இலங்கை எட்டாம் வகுப்புக்கும் இங்கத்தைய எட்டாம் வகுப்புக்கும் கணக்கில் ஒரு வருடம் இடைவெளி இருந்தது. அதை மாலையில் உட்காரவைத்து நிரப்பியது முகாமுக்குள்ளேயே இருந்த எங்கள் அக்காமார், அண்ணைமார். அப்போதே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல முகாம்களில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கியது. அகதிகளே அகதிகளுக்காக நடத்துகிற அமைப்பு. முகாமில் யாராவது ஏ.எல். படித்திருந்தால் போதும், அவரே வாத்தியார்.

1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாம் மாறியது. அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எங்களை வகுப்புக்குள் விடுவதா வேண்டாமா என்று தலைமையாசிரியருக்கே தெரியவில்லை. "ஆர்டர் வரட்டும்" என்று தாழ்வாரத்தில் உட்காரவைத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தாழ்வாரத்தில் உட்காரவைத்தாரே, திருப்பி அனுப்பவில்லையே. உள்ளே நடக்கிற பாடம் ஜன்னல் வழியாகக் காதில் விழும். பித்தகோரஸ் தேற்றத்தை நான் சுவருக்கு வெளியே உட்கார்ந்துதான் படித்தேன். 1992 ஜனவரியில் தொடங்கித் திருப்பி அனுப்பும் கப்பல்கள் போயின. சுமார் 54,000 பேர் 1995க்குள் போனார்கள். தங்கள் விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. நாங்கள் போகவில்லை. போவதற்குச் செட்டிகுளத்தில் கூரை இல்லை.

எம்.ஜி.ஆர். காலத்தில் ஈழத்துப் பிள்ளைகளுக்கென்று மருத்துவத்திலும் பொறியியலிலும் பாலிடெக்னிக்கிலும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1991இல் அந்தக் கதவு சாத்தப்பட்டது. 1996இல் கலைஞர் ஆட்சி வந்து பொறியியல் முதலானவற்றுக்குத் திரும்பத் திறந்தது. நான் பிளஸ் டூ முடித்தது 1995. 1,200க்கு 1,012. ஒரு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரையை ஓர் இன்ஜினியர் எழுதியிருப்பார். எழுதியிருப்பாரா என்பது வேறு விஷயம். எழுதியிருந்தாலும் மறுநாள் காலை பெயிண்ட் அடிக்கத்தான் போயிருப்பார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் பெயிண்டிங்? கொத்தனார் வேலை இருக்கிறது, தச்சு வேலை இருக்கிறது. அதெல்லாம் உள்ளூரில் ஆள் இருக்கிற தொழில். சித்தாளாகச் சேர்ந்து கரண்டி பிடிக்கப் பத்து வருடம் ஆகும், மாமன் மச்சான் உறவு வேண்டும். பெயிண்டிங் அப்படியில்லை. எங்கள் ஊரில் அதுவரை வீட்டுக்குச் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பைத் தாளித்து, கொஞ்சம் நீலம் போட்டு, மட்டையால் அடித்தால் முடிந்தது. 1990களின் நடுவில் நிலைமை மாறியது. கையில் காசு புரண்டவர்கள் மாடி வீடு கட்டினார்கள். பட்டி, பிரைமர், ரெண்டு கோட் எமல்ஷன் என்று டி.வி. விளம்பரத்தைப் பார்த்துக் கேட்டார்கள். கடையில் கலர் கலக்க மிஷின் வந்தது. சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த வயதானவர்களுக்கு அந்த வேலை பிடிபடவில்லை, அவர்கள் பிள்ளைகள் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். தொழில் புதிது, ஆள் இல்லை. அந்த இடத்தில் மெட்டடார் எங்கள் வாசலுக்கு வந்தது.

அதைவிடப் பெரிய காரணம், பெயிண்டரிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம், கையில் காசு. பேங்க் கணக்கு வேண்டாம், இருப்பிடச் சான்று வேண்டாம். செக்கிங் நாளில் வேலைக்குப் போகாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஈரம் காயட்டும் என்று மேஸ்திரி சொல்லிக்கொள்வார். செக்கிங் என்றால் வெளியே உள்ளவர்களுக்கு விளங்காது. வருவாய் ஆய்வாளர் வந்து உட்காருவார், பக்கத்தில் கியூ பிராஞ்ச் போலீஸ்காரர் நிற்பார், குடும்பம் முழுவதும் வரிசையில் நின்று முகம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அந்த மாதப் பணக்கொடை வெட்டு. மில் வேலையில் மாதம் இப்படி லீவு போட்டால் யார் வைத்துக்கொள்வார்கள்? மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கெடுபிடி இருந்த வருடங்களில் இரவு ஷிப்ட் என்ற பேச்சே இல்லை. ஆக, எங்கள் கைக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்பதை எந்தப் பயிற்சித் திட்டமும் முடிவு செய்யவில்லை. செக்கிங் தேதி முடிவு செய்தது.

கற்றுக்கொடுத்ததும் யாரும் திட்டம் போட்டு அல்ல. முதல் வருடம் உப்புத்தாள். 80ஆம் நம்பரில் தொடங்கி 120, பிறகு 180. இரண்டாம் வருடம் ரோலர். மூன்றாம் வருடம்தான் பிரஷ். அதிலும் கட்டிங் பிடிக்கிறவனுக்குத்தான் மரியாதை. சுவரும் கூரையும் சேர்கிற இடத்தில் டேப் ஒட்டாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, நான்கு அங்குல பிரஷின் ஓரத்தால் பத்தடிக்கு ஒரே கோடு இழுப்பது. முருங்கன் வாத்தியார் அதில் கெட்டிக்காரர். கரும்பலகையில் அடிக்கோடு போட்ட கை என்பார். அவர் எங்களுக்கு இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். வேலைக்குப் போகிற வீட்டில் 'கதைக்காதே, பேசு' என்பார். முகாமுக்குள் கதைப்போம், வெளியே பேசுவோம். 'விளங்குது' என்று வாயில் வந்தால் 'புரியுது' என்று மாற்றிக்கொள்வோம். 1990களில் வீட்டுக்காரர் "சிலோன்காரங்களா?" என்று கேட்டுவிட்டு வளையலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிய வீடுகள் உண்டு. பத்து வருடம் கழித்து அதே தெருவில், "முகாம் ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க, ஃபினிஷிங் நல்லா இருக்கும்" என்றார்கள். இந்த மாற்றத்தைச் செய்தது கட்டிங் கோடுதான் என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

பெருமையை மட்டும் சொல்லக்கூடாது. அடுக்குமாடிகள் வந்தபோது தொட்டிலில் தொங்கினோம். இரண்டு கயிறு, ஒரு பலகை. எங்கள் லைனில் ஒரு பொடியன் நான்காவது மாடியிலிருந்து விழுந்தான். கட்டட காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார், பிறகு வரவில்லை. பெயர்ப் பட்டியலில் அவன் பெயரே இல்லை, ஈ.எஸ்.ஐ. எங்கிருந்து வரும். கையில் காசு, அட்டை வேண்டாம் என்று சற்றுமுன் மெச்சிக்கொண்டேனே, அதற்கு விலை இது. பிழைத்தான், இடுப்புக்குக் கீழே சரியில்லை. இப்போது முகாம் வாசலில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான்.

இதற்கு நடுவில் முகாமில் படிப்பு வளர்ந்துகொண்டே போனது. 1996க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் பொறியியலுக்கோ கலைக்கல்லூரிக்கோ ஐ.டி.ஐ.க்கோ போனார்கள். யேசு சபைப் பாதிரிமார் பீஸ் கட்டினார்கள், ஏதிலியர் கழகம் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்தது. பெயிண்ட் அடித்த அப்பாக்கள் பிள்ளைகளைப் படிக்கவைப்பதில் வெறியாக இருந்தோம். பயிற்சிகளும் வந்தன. அதிலே தையல்தான் அதிகம். வருகிற ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் பெண்களுக்கு என்ன செய்யலாம் என்று கூடிப் பேசிக் கடைசியில் தையல் என்று முடிவு செய்யும். என் மனைவியிடம் தையலுக்கு மூன்று சான்றிதழ் இருக்கிறது. மூன்றாவது வகுப்பில் டீச்சருக்கே இவள் பாபின் மாட்டிக் கொடுத்தாளாம். முகாமில் முப்பது தையல் மிஷின், தைக்கக் கொடுக்க முகாமைவிட்டால் யார்? அந்த மிஷின்களில் பாதி இப்போது டி.வி. ஸ்டாண்ட்.

2000த்துக்குப் பிறகு முதல் பட்டதாரிகள் வந்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. எங்கள் பக்கத்து லைன் பையன் பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. கல்லூரிக்கு வந்த கம்பெனி அவனைத் தேர்வு செய்தது. ஆவணம் சரிபார்க்கிற அன்று பாஸ்போர்ட் கேட்டார்கள், இல்லை. வாக்காளர் அட்டை, இல்லை. அகதி அட்டையை எடுத்து நீட்டினான். அந்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தகவல் சொல்கிறோம் என்றாராம். திங்கட்கிழமை என்னோடு வேலைக்கு வந்தான். உப்புத்தாளைக் கொடுத்தேன். ஆட்டோகேடில் முழு வீட்டையும் வரைகிறவனுக்குச் சாரம் கட்ட முடிச்சுப் போடத் தெரியவில்லை. ஒரு மாதம் அவனைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதுதான் இதிலே மோசம்.

1951ஆம் வருடத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; அகதி யார், அவன் வேலை செய்யலாமா என்று சொல்கிற சட்டமும் இங்கே இல்லை. 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்ற சொல்லுக்குள் போனார். மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டவனுக்கு எந்த ஆவணம்? 2019 திருத்தம் மூன்று நாடுகளின் பெயர் சொன்னது, இலங்கை அதில் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று பழைய விதி ஒன்று உண்டு. அதன்படி, 1983இல் வந்த பெற்றோருக்கு மண்டபத்தில் 1987 ஜூன் மாதம் பிறந்த அக்கா இந்தியர், அடுத்த வருடம் பிறந்த தம்பி இல்லை. இப்படி ஒரு குடும்பம் இருந்தால் அந்தத் தம்பிக்கு இதை எப்படி விளக்குவீர்கள்?

பெரியப்பாவை நினைத்துக்கொள்வேன். கைநாட்டு. நிரந்தர வேலை. எங்கள் வரிசையில் பி.இ., எம்.எஸ்ஸி., பி.எட். நாள் கூலி. படிப்பு போதவில்லை, பயிற்சி போதவில்லை என்று எங்களைப் பற்றி யாராவது கூட்டத்தில் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். பெரியப்பாவிடம் இருந்த அட்டை எங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

என் தம்பி 2012இல் வவுனியாவுக்குத் திரும்பினான். அங்கே கொத்தனாரையும் தச்சரையும் 'பாஸ்' என்பார்கள். போன இரண்டே மாதத்தில் அவன் பெயிண்ட் பாஸ் ஆகிவிட்டான். இந்தியாவில் பழகிய கை என்று கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். அவனோடு போன ஒன்றுவிட்ட தங்கை இங்கே பி.எஸ்ஸி. முடித்தவள். பட்டத்தை அங்கே ஏற்றுக்கொள்ளவைக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள், இரண்டு வருடம். தம்பியின் உப்புத்தாளுக்கு எந்த நாட்டிலும் அத்தாட்சி கேட்கவில்லை.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் எங்களைப் பற்றி அறிவிப்புச் செய்தார். முகாமெல்லாம் செல்போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே பதிவு செய்து இருப்பவர்கள் 34,087 பேர் என்று எண்ணைச் சொன்னார். 317 கோடி ரூபாய். 7,469 வீடுகள் புதிதாக. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், அதுவரை 1,000. ஐயாயிரம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி. இனி அகதி முகாம் என்று சொல்ல மாட்டோம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றார்கள். வாசல் போர்டை மாற்றி எழுத வேண்டி வந்தது. எழுதியது முருங்கன் வாத்தியாரின் பேரன்.

அதற்கு அடுத்த வருடம் நானும் ஒரு பயிற்சிக்குப் போனேன். பெயிண்டர்களுக்கு மூன்று நாள், முடிவில் சான்றிதழ். பாடம் எடுத்த தம்பிக்கு இருபத்து நாலு வயது இருக்கும். முதல் நாள் முதல் பாடம்: உப்புத்தாளைப் பிடிப்பது எப்படி. பின்வரிசையில் நாங்கள் நாலைந்து பேர், எல்லாருமே இருபது வருடத்துக்கு மேல் தேய்த்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் சுவரில் ஈரம் அளக்கிற சின்ன மிஷினைக் கொண்டுவந்தான். புதுப் பூச்சுக்கு 28 நாள் ஏன் விட வேண்டும், உப்புப் பூத்து பெயிண்ட் ஏன் உரிகிறது என்று அளந்தே காட்டினான். எத்தனை வீட்டுக்காரரிடம் அந்த உப்புக்கு நான் திட்டு வாங்கியிருக்கிறேன்! மூன்றாம் நாள் இடுப்பு பெல்ட், கயிற்றில் ஆளைப் பிடிக்கிற கொக்கி. அதை மாட்டிக்கொண்டு நின்றபோது ரீசார்ஜ் கடைக்காரன் நினைப்பு வந்தது. சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். என்னிடம் அதை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

முகாமுக்குப் புது வீடு வந்தபோது உள் பெயிண்டை நாங்களே திரும்ப அடித்துக்கொண்டோம். காண்ட்ராக்டர் ஒரு கோட் அடித்துக் கொடுத்திருந்தார். பெயிண்டர் காலனிக்கு ஒரு கோட் போதுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் முழுவதும் உப்புத்தாள் சத்தம். மீந்துபோன டப்பாக்கள் எல்லார் வீட்டிலும் இருந்ததால் எங்கள் தெருவில் இரண்டு வீடு ஒரே நிறத்தில் இல்லை.

மகள் பி.இ. சிவில் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று இடத்தில் நேர்காணல் முடிந்து ஆவணத்தில் நின்றுவிட்டது. இப்போதைக்கு என் கொட்டேஷன்களைப் போட்டுக் கொடுக்கிறாள். பில் பெயிண்ட் கடைக்காரர் பெயரில் போகும், அவருக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய். போன வாரம் ஒரு மாடி வீட்டை அளந்துவந்து கணினியில் போட்டவள், "அப்பா, நீங்க சொன்ன ஸ்கொயர் ஃபீட்ல நூத்தி எண்பது கூடுது" என்றாள்.

"எப்படிக் கூடும்?"

"ஜன்னல், கதவு எதையும் கழிக்கல நீங்க. திறப்பைக் கழிக்கணும்."

"கழிக்கக் கூடாது."

"புக்ல இருக்குப்பா."

ஜன்னலுக்கு உள்பக்கம் நாலு விளிம்பு, வெளிப்பக்கம் நாலு விளிம்பு, கம்பிக்குப் பின்னால் கை போகாத மூலை, எட்டுக் கட்டிங் கோடு என்று விரலை மடக்கிச் சொன்னேன். வெறும் சுவரில் ரோலர் போட்டு அந்த இடத்தை முடிக்கிற நேரத்தைப்போல மூன்று மடங்கு அதற்கு ஆகும். அவள் யோசித்தாள். பிறகு கழித்தலை எடுத்துவிட்டு, கீழே புதிதாக ஒரு வரி சேர்த்து 'விளிம்பு வேலை, ரன்னிங் அடி' என்று தனி ரேட் போட்டாள். கூட்டிப் பார்த்தால் நான் சொன்னதைவிட ஆயிரத்து இருநூறு ரூபாய் அதிகமாக வந்தது.

"வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா?" என்றேன்.

"அளந்து காட்டுவோம்" என்றாள். டேப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.